எலும்புப்புரை வாழ்க்கைத்தர வினாப்படிவம்: தமிழாக்கமும் சரிபார்ப்பும்

எலும்புப்புரை வாழ்க்கைத்தர வினாப்படிவம் என்பது, எலும்புப்புரை நோய் உள்ள ஒரு பெண்ணின் அன்றாட வாழ்க்கையை அந்நோய் எவ்வளவு பாதித்திருக்கிறது என்பதை அவரிடமே கேட்டறிந்து, அதை ஓர் எண்ணாக மாற்றித் தரும் கேள்வித் தொகுப்பு ஆகும். இவ்வகையில் உலகில் மிகுதியாகப் பயன்படுபவற்றுள் ஒன்று குவாலெஃபோ-41. ஐரோப்பாவில் உருவான இப்படிவத்தை வேறொரு மொழியில் பயன்படுத்த வேண்டுமானால், சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் போதாது. மொழிபெயர்த்த படிவம் மூலப் படிவம் அளந்ததையே அளக்கிறதா என்று நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்க வேண்டும். இச்சோதனைக்கு ஏற்புடைமைச் சோதனை என்று பெயர். இக்கட்டுரை அச்சோதனையின் படிகளையும், தமிழில், குறிப்பாகச் செங்கல்பட்டு மாவட்டத்து அச்சரப்பாக்கம் போன்ற ஊர்களில், அது சந்திக்கும் சிக்கல்களையும் விளக்குகிறது.

நோய்

எலும்பு கல்லைப் போல ஒரே நிலையில் இருப்பதன்று. பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் அதனுள் வாழ்நாள் முழுவதும் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் அரிப்பு மேலோங்கிக் கட்டுமானம் பின்தங்குகிறது. எலும்பின் உள்வலை மெலிந்து புரையோடிப் போகிறது. உலக சுகாதார நிறுவனம் 1994ஆம் ஆண்டு வகுத்த வரையறைப்படி, டெக்ஸா என்னும் கதிர்ப்படக் கருவியில் அளக்கப்படும் எலும்பின் அடர்த்தி, இளம் பெண்களின் சராசரியைவிட 2.5 திட்டவிலக்கம் அல்லது அதற்கு மேல் குறைந்திருந்தால் அது எலும்புப்புரை. இந்த அளவே டி-ஸ்கோர் எனப்படுகிறது.

இந்நோயில் பெரிதும் முறிவன முதுகெலும்பின் முள்ளெலும்புகள், தொடை எலும்பின் மேற்பகுதி, மணிக்கட்டு ஆகியவை. தொடை எலும்பு முறிந்தால் நோயாளி படுத்துவிடுவார், வீடே அறியும். முள்ளெலும்பு முறிவு அப்படியன்று. அது பெரும்பாலும் நசுங்கல். குனிந்து வாளியைத் தூக்கும்போதோ பேருந்து பள்ளத்தில் இறங்கும்போதோ நேர்ந்துவிடும். இத்தகைய முறிவுகளில் மூன்றில் ஒரு பங்கே மருத்துவர் கவனத்துக்கு வருகிறது. மற்றவை ‘வயசான வலி’ என்று தள்ளப்படுகின்றன. ஆண்டுகள் போகப்போக உயரம் குறையும், கூன் விழும், வயிறு முன்தள்ளும். ‘பாட்டி குறுகிப் போயிட்டாங்க’ என்று வீட்டில் சொல்வது பல நேரங்களில் இதைத்தான்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நடமாடிக்கொண்டிருந்த, மாதவிடாய் நின்ற பெண்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எலும்புப்புரை இருந்தது. அவர்கள் மருத்துவமனையில் படுத்திருந்தவர்கள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். வெயில் குறைவில்லாத ஊரிலும் வைட்டமின் டி பற்றாக்குறை அவர்களிடையே பரவலாக இருந்தது.

அச்சரப்பாக்கம் மதுராந்தகம் வட்டத்தில், சென்னையிலிருந்து திருச்சி செல்லும் ஜிஎஸ்டி சாலையில் உள்ள பேரூர். அச்சிறுபாக்கம் என்றும் எழுதப்படும். திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர் இங்கே அச்சு முறிந்து நின்றது என்பது ஆட்சீசுவரர் கோயிலின் தலபுராணம். அச்சு இற்ற ஊர் என்பதே பெயரின் பொருள் என்பர். உடலின் அச்சு முறிவதைப் பற்றிய கட்டுரைக்கு ஊர்ப்பெயர் தற்செயலாகவே பொருந்திவிடுகிறது. சுற்றுவட்டாரத்தில் ஏரிப்பாசன நெல் விவசாயம் முதன்மைத் தொழில். நடவும் களையெடுப்பும் பெண்களின் வேலை. கிழக்கே மாமல்லபுரம் கடற்கரையில் மீன்கூடை சுமக்கும் பெண்கள் இருக்கிறார்கள். வாழ்நாளெல்லாம் குனிந்தும் சுமந்தும் வேலை செய்தவருக்கு முதுகு வலிப்பது யாருக்கும் செய்தியாகத் தெரிவதில்லை. அதனாலேயே இங்கே நோய் மறைந்து கிடக்கிறது.

குவாலெஃபோ-41

நெதர்லாந்து நாட்டு மருத்துவர் பால் லிப்ஸ் தலைமையிலான குழு, அன்றைய ஐரோப்பிய எலும்புப்புரை அறக்கட்டளைக்காக 1990களில் இப்படிவத்தை உருவாக்கியது. அந்த அறக்கட்டளை 1998இல் பன்னாட்டு எலும்புப்புரை அறக்கட்டளையின் பகுதியாகிவிட்டது. முதல் வடிவில் 48 கேள்விகள் இருந்தன. ஏழு நாடுகளில் முள்ளெலும்பு முறிந்த நோயாளிகளிடமும், அதே வயதுடைய, முறிவில்லாத மற்றவர்களிடமும் அவை சோதிக்கப்பட்டன. சரியாக வேலை செய்யாத 7 கேள்விகள் நீக்கப்பட்டு 41 எஞ்சின. அச்சோதனையின் முடிவுகள் 1999இல் வெளியாயின. பிறந்த இடத்திலேயே, எழுதிய வல்லுநர்களின் கேள்விகளிலேயே ஏழில் ஒன்று தேறவில்லை என்பது மொழிபெயர்ப்பாளர்கள் நினைவில் வைக்க வேண்டிய கணக்கு.

41 கேள்விகளும் ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. வலி பற்றி 5, உடலியக்கம் பற்றி 17, பொழுதுபோக்கும் சமூக வாழ்வும் பற்றி 7, பொதுவான உடல்நலம் குறித்த சொந்தக் கருத்து 3, மனநிலை பற்றி 9. உடலியக்கப் பகுதிக்குள் உடுத்தல், குளித்தல், கழிப்பறைக்குச் செல்லுதல் போன்றவை, வீட்டு வேலைகள், நடமாட்டம் என மூன்று உட்பிரிவுகள் உண்டு. ஒவ்வொரு பகுதிக்குமான விடைகள் 0 முதல் 100 வரையிலான மதிப்பெண்ணாக மாற்றப்படுகின்றன. இதில் 0 சிறந்த நிலை, 100 மிக மோசமான நிலை. பள்ளி மதிப்பெண் பழக்கத்தில் வாசிக்கும் மாணவர்கள் இங்கே அடிக்கடி தடுமாறுகிறார்கள்.

மதிப்பெண்கள் நோயின் கடுமையோடு சேர்ந்து ஏறுகின்றனவா என்பது பின்னர் பெரிய மருந்துச் சோதனைகளிலும் பார்க்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், முறிந்த முள்ளெலும்புகளின் எண்ணிக்கை கூடக்கூட மதிப்பெண் மோசமானது. அதிலும் மேல் முதுகு முறிவைவிட, கீழே இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளின் முறிவே வாழ்க்கையை அதிகம் முடக்கியது. இந்தச் செய்தி தமிழாக்கத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பது கீழே தெரியவரும்.

மொழிபெயர்ப்பின் படிகள்

முதலில் படிவத்தின் உரிமையாளரிடம் அனுமதி பெற வேண்டும். இணையத்தில் கிடைக்கிறது என்பதால் எவரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்பதில்லை. ஆய்வு நடக்கும் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், பங்கேற்கும் ஒவ்வொரு பெண்ணின் சம்மதமும் தேவை.

அடுத்து, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பார்கள். ஒருவர் மருத்துவம் அறிந்தவர், மற்றவர் அறியாதவர். இரண்டையும் ஒப்பிட்டு ஒரே வடிவமாக்குவார்கள். பிறகு மூலத்தைப் பார்த்திராத வேறு இருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்பி மொழிபெயர்ப்பார்கள். திரும்பி வந்ததும் மூலமும் எங்கே விலகுகின்றன என்று மருத்துவர், இயன்முறை மருத்துவர், மொழியறிந்தவர் அடங்கிய குழு பார்க்கும். கடைசியில் 30 முதல் 40 நோயாளிகளிடம் முன்சோதனை. 2000ஆம் ஆண்டு பீட்டனும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட வழிகாட்டுதல் இவ்வரிசையைச் சொல்கிறது. இன்றும் பெரும்பாலோர் பின்பற்றுவது இதைத்தான்.

இவற்றுள் திருப்பி மொழிபெயர்த்தல் பார்வைக்குக் கண்டிப்பானது, ஆனால் அளவுக்கு மீறி நம்பப்படுகிறது. தமிழில் விறைப்பாக, யாரும் பேசாத சொற்களில் எழுதப்பட்ட வாக்கியம்தான் ஆங்கிலத்துக்கு மிக ஒழுங்காகத் திரும்பிப் போகும். நோயாளிக்குப் புரியும் இயல்பான வாக்கியம் சற்று விலகித் திரும்பும். குழு எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதில்தான் படிவத்தின் தலைவிதி இருக்கிறது. நான்கு படிகளில் எது விட்டுப்போனாலும் ஈடுகட்டலாம், நோயாளிகளிடம் நடத்தும் முன்சோதனையை விட்டால் ஈடில்லை.

முதுகா, இடுப்பா?

வலிப் பகுதியின் ஐந்து கேள்விகளும் ஒரே உறுப்பைப் பற்றியவை. ஆங்கிலத்தில் அதற்கான சொல் கழுத்துக்குக் கீழிருந்து புட்டம் வரை முதுகுப்புறம் முழுவதையும் குறிக்கும். தமிழில் ‘முதுகு’ என்றால் பலர் கை வைத்துக் காட்டுவது தோள்பட்டைகளுக்கு நடுவிலும் அதற்குச் சற்றுக் கீழும். அதற்கும் கீழே வலித்தால் அது ‘இடுப்பு வலி’. தென் மாவட்டங்களில் ‘குறுக்கு வலி’. யாழ்ப்பாணத்தில் ‘நாரி நோ’.

‘போன வாரம் உங்களுக்கு முதுகு வலி இருந்ததா?’ என்று கேட்டால், இடுப்புப் பகுதி முள்ளெலும்பு நசுங்கிய ஒரு பெண், ‘முதுகு வலிலாம் இல்லைங்க, இடுப்புதான் விட்டுப்போவுது’ என்று சொல்லக்கூடும். கேட்பவர் முதல் பாதியைக் கேட்டு ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறித்தால், அடுத்த நான்கு வலிக் கேள்விகளுக்கும் விடை தானாகவே பூச்சியம் ஆகிவிடும். மேலே சொன்ன ஆய்வின்படி, அதிகம் அவதிப்படுபவர் இடுப்புப் பகுதி முறிவுள்ளவரே. ஆக, ஒரு சொல்லின் எல்லை தவறியதால், அதிகம் வலிப்பவருக்கே வலி இல்லை என்று பதிவாகும்.

அதற்காக ‘இடுப்பு’ என்று மட்டும் எழுதினாலும் வழியில்லை. தமிழில் இடுப்பு என்பது இடையையும் குறிக்கும், குழந்தையைத் தூக்கி வைக்கும் பக்கவாட்டையும் குறிக்கும், தொடை மூட்டையும் குறிக்கும். ‘இடுப்பு எலும்பு முறிவு’ என்று மருத்துவமனையில் சொல்வது தொடை எலும்பின் கழுத்து முறிந்ததைத்தான். எனவே ‘முதுகிலோ, முதுகின் கீழே இடுப்புப் பக்கமோ’ என்று நீட்டி எழுதி, கூடவே முதுகுப்புறத்தின் கோட்டுப்படம் ஒன்றைக் காட்டி விரலால் தொடச் சொல்வதே நல்ல தீர்வு. அதற்கு மூலப் படிவத்தில் படம் கிடையாது என்ற மறுப்பு எழலாம். படம் சேர்ந்தால் கேட்கும் முறை மாறுகிறது, அளக்கும் பொருள் மாறவில்லை என்பதே அதற்கான விடை.

பால் பெட்டியும் தண்ணீர்க் குடமும்

வீட்டு வேலைப் பகுதியில் ஏறத்தாழ 9 கிலோ எடையைத் தூக்கிச் சில அடிகள் நடக்க முடியுமா என்ற கேள்வி உண்டு. எடுத்துக்காட்டாக மூலம் சொல்வது பன்னிரண்டு பால் புட்டிகள் அடங்கிய பெட்டி, அல்லது ஒரு வயதுக் குழந்தை. பால் பெட்டி இங்கே யார் வீட்டிலும் இல்லை. குழந்தை எல்லா ஊருக்கும் பொது, அப்படியே வைத்துக்கொள்ளலாம். பெட்டிக்குப் பதிலாகக் குடம் என்று எழுதத் தோன்றும். ஆனால் பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீர் பிடித்தால் 9 கிலோவைத் தாண்டிவிடும். முழுக்குடம் என்று எழுதினால் மூலத்தைவிடக் கடினமான கேள்வியாகும். முக்கால் குடம் என்பது நெருங்கி வரும். அதிலும் குடத்தை இடுப்பில் சாய்த்து ஏந்துகிறாரா, தலையில் வைக்கிறாரா, கையில் தொங்கவிடுகிறாரா என்பதைப் பொறுத்து முதுகெலும்பில் விழும் சுமை மாறுகிறது. படிவம் இவ்வளவு நுட்பத்தைக் கேட்பதில்லை. கேட்கும் ஆய்வாளருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

நடமாட்டக் கேள்விகளில் நாற்காலியிலிருந்து எழுவதும் மண்டியிடுவதும் உண்டு. தரையில் உட்கார்ந்து எழுவதும், குந்தி உட்கார்வதும் அவற்றில் இல்லை. அரிவாள்மனையில் காய் நறுக்கவும், குந்தி உட்காரும் கழிப்பறையைப் பயன்படுத்தவும், பந்தியில் உட்காரவும் இவையே வேண்டும். நாற்காலியிலிருந்து சிரமமின்றி எழும் பெண், தரையிலிருந்து எழச் சுவரைப் பிடிப்பார். கேள்வியையே மாற்றினால் பிற நாட்டு மதிப்பெண்களோடு ஒப்பிட முடியாமல் போகும். மாற்றாவிட்டால் இங்குள்ள முக்கியமான முடக்கம் பதிவாகாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. 41 கேள்விகளை இருந்தபடியே வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து எழுதலைத் தனி இணைப்புக் கேள்வியாகச் சேர்த்து, அதன் மதிப்பெண்ணைத் தனியே தரலாம்.

பொதுப் போக்குவரத்துக் கேள்வியும் இத்தகையதே. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எனவே பணமில்லாததால் பேருந்தில் போகாமல் இருப்பவர் குறைவு. படிக்கட்டின் உயரத்தாலும், ஏறும் முன்பே வண்டி நகர்ந்துவிடுவதாலும் போகாமல் இருப்பவர் பலர். இந்த மாற்றம் கேள்வியை முன்பைவிடக் கூர்மையாக்கியிருக்கிறது.

சினிமா, நாடகம், விளையாட்டு, மன்றக் கூட்டம் பற்றிய கேள்விகளுக்கு அறுபது வயதுக் கிராமத்துப் பெண் ‘பழக்கமில்லை’ என்பார். அது நோயால் வந்த இழப்பு அன்று. கல்யாணம், திருவிழா, துக்கம் விசாரிக்கப் போதல், ஆடிமாதக் கூழ் ஊற்றுதல், சுயஉதவிக்குழுக் கூட்டம் ஆகியவற்றை எடுத்துக்காட்டாக வைத்தால்தான் இழப்பு தெரியும். துக்க வீட்டுக்குப் போக முடியாமல் போனதை ஒரு பெண் எவ்வளவு பெரிய குறையாக எண்ணுவார் என்பது ஊரில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும்

மூலப் படிவம் நோயாளியே படித்து நிரப்புவதற்கானது. இங்கே இந்நோய் வரும் வயதிலுள்ள பெண்களுள் பலருக்குப் படிக்கத் தெரியாது, தெரிந்தவர்களுக்கும் கண்ணாடி கைவசம் இருக்காது. ஆகவே யாராவது படித்துக் காட்ட வேண்டும். எழுத்துத் தமிழில் இருப்பதை அப்படியே வாசித்தால் செய்தி அறிக்கை போல ஒலிக்கும். அதனால் கேட்பவர் தம் விருப்பம் போலப் பேச்சு வழக்கில் மாற்றிச் சொல்வார். ஐந்து பேர் கேட்டால் ஐந்து விதமான கேள்விகள் ஆகிவிடும். அப்போது சரிபார்க்கப்பட்டது எந்தப் படிவம் என்றே சொல்ல முடியாது. படித்துக் காட்டுவதற்கென்று பேச்சு வழக்கிலேயே ஒரு வடிவத்தை எழுதி, அதை மாற்றாமல் வாசிக்கப் பயிற்சி தருவது அவசியம்.

‘போன வாரம்’ என்பது இன்னொரு கண்ணி. சிலருக்கு அது முடிந்துபோன ஏழு நாள், சிலருக்கு ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்த வாரம். ‘போன வெள்ளிக்கிழமையிலிருந்து இன்னைக்கு வரைக்கும்’ என்று கிழமையைச் சொல்லிக் கேட்டால் குழப்பமில்லை.

விடைகளின் வரிசையும் கவனத்துக்குரியது. ‘எப்போதாவது’, ‘சில சமயம்’ ஆகிய இரண்டில் எது அதிகம் என்று கேட்டால், படித்தவர்களே ஒத்த விடை தருவதில்லை. ஐந்து படிகள் இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இருக்கும். எண்ணிச் சொல்லக்கூடிய நாள் கணக்கு உள்ள இடங்களில் இச்சிக்கல் எழாது, மனநிலைக் கேள்விகளில்தான் எழும். அங்கே சிறிதும் பெரிதுமாக ஐந்து வட்டங்களையோ, ஐந்து அளவில் நெல் நிரம்பிய படிகளின் படத்தையோ காட்டலாம். எதைக் கேட்டாலும் ‘பரவாயில்லைங்க’ என்று வரும் விடையை எந்தக் கட்டத்தில் குறிப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். அச்சொல் ‘நன்றாக இருக்கிறேன்’ என்றும் பொருள்படும், ‘சொல்லி என்ன ஆகப்போகிறது’ என்றும் பொருள்படும்.

மனநிலைப் பகுதியின் கடைசிக் கேள்வி, முழுவதும் பிறரைச் சார்ந்திருக்க நேரும் என்ற அச்சம் பற்றியது. ‘சார்ந்திருத்தல்’ என்ற சொல் இங்கே வேலை செய்யாது. மகன் வீட்டில் இருப்பது தமிழ்த் தாய்க்கு அச்சமன்று, இயல்பு. அவர் அஞ்சுவது ‘படுத்த படுக்கையா ஆகி யாருக்காவது பாரமா இருந்துருவேனோ’ என்பதற்கு. ‘பாரம்’ என்ற சொல் வந்தால்தான் கேள்வி சென்று சேரும்.

சொல்லக் கூசும் கேள்வி

சமூக வாழ்வுப் பகுதியில், வலியோ முடக்கமோ தாம்பத்திய நெருக்கத்துக்குத் தடையாக இருக்கிறதா என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. மருமகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இதற்கு விடை வராது. கைம்பெண்களுக்குக் கேள்வியே பொருந்தாது. அவர்களுக்கென ‘பொருந்தாது’ என்ற கட்டம் வேண்டும், இல்லாவிட்டால் மௌனத்தை ‘தடையில்லை’ என்று குறித்துவிடும் தவறு நேரும். பெண் ஒருவர், தனியிடத்தில், கடைசியில் கேட்பது நல்லது. கேட்காமலே விட்டுவிடுவதும் எளிது, பலர் அதைத்தான் செய்ய விரும்புவார்கள். ஆனால் கேட்காமல் விட்டால், இங்குள்ள பெண்களுக்கு அப்படியொரு இழப்பே இல்லை என்று அட்டவணை சொல்லிவிடும்.

கூட இருப்பவர் விடை சொல்வது பொதுவாகவே ஒரு பிரச்சினை. ‘அத்தைக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்காங்க’ என்று மருமகள் அன்போடுதான் சொல்வார். படிவம் கேட்பது அவரையன்று.

எண்களால் சோதித்தல்

ஆசிரியர் பயிற்சியில் தேர்வுத்தாளுக்குச் சொல்லித்தரப்படும் நம்பகத்தன்மை, ஏற்புடைமை என்னும் இரு சொற்களே இங்கும் அடிப்படை. ஒரே ஆளிடம் மறுபடி கேட்டால் அதே விடை வருகிறதா என்பது நம்பகத்தன்மை. அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறதா என்பது ஏற்புடைமை. தினமும் ஐந்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரம் நம்பகமானது, ஏற்புடையதன்று.

ஒரு பகுதியின் கேள்விகள் ஒன்றோடொன்று இயைந்து நிற்கின்றனவா என்பதைக் கிரோன்பாக் ஆல்ஃபா என்ற எண் காட்டும். 0.7க்கு மேல் இருந்தால் போதுமானது என்பது வழக்கம். கேள்விகளின் எண்ணிக்கை, அவற்றிடையே உள்ள சராசரி ஒட்டுறவு ஆகிய இரண்டையும் கொண்டு இதைக் கணக்கிடலாம். 5 கேள்விகளின் சராசரி ஒட்டுறவு 0.5 என்றால், 5×0.5 = 2.5, அதை 1 + 4×0.5 = 3 ஆல் வகுத்தால் ஆல்ஃபா 0.83. இனி ஒட்டுறவு 0.3 மட்டுமே என்று கொள்வோம். 17 கேள்விகள் உள்ள உடலியக்கப் பகுதிக்கு 5.1ஐ 5.8 ஆல் வகுக்க 0.88 வருகிறது. 3 கேள்விகள் உள்ள பொதுநலப் பகுதிக்கு 0.9ஐ 1.6 ஆல் வகுக்க 0.56தான் வருகிறது. ஒட்டுறவு ஒன்றே, ஆனால் ஒன்று தேர்ச்சி, மற்றது தோல்வி. நீண்ட பகுதியின் உயர்ந்த ஆல்ஃபாவைக் கண்டு மகிழ்வதற்கும் குறுகிய பகுதியின் தாழ்ந்த ஆல்ஃபாவைக் கண்டு மொழிபெயர்ப்பைக் குறைகூறுவதற்கும் முன்னால் இக்கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மறுசோதனையில் அதே பெண்களிடம் ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து மீண்டும் கேட்பார்கள். இடைவெளி குறைந்தால் பழைய விடை நினைவிருக்கும், கூடினால் உடல்நிலையே மாறிவிடும். அச்சரப்பாக்கம் பகுதியில் மூன்றாவதாக ஒன்றையும் பார்க்க வேண்டும். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டத்துக்குப் பட்டம் நடவு வரும். முதல் முறை நடவுக்கு முன்பும் இரண்டாம் முறை நடவு நடக்கும்போதும் கேட்டால், விடை மாறுவதற்குக் காரணம் வேலையே, படிவமன்று.

இரு முறை தந்த விடைகளின் ஒப்புமையை வெறும் சதவீதமாகச் சொன்னால் ஏமாற நேரும். கற்பனைக் கணக்கு ஒன்று: 50 பெண்களிடம் உதவியின்றி உடுத்த முடியுமா என்று இருமுறை கேட்கிறோம். 44 பேர் இருமுறையும் ‘முடியும்’, ஒருவர் இருமுறையும் ‘முடியாது’, 5 பேர் மாற்றிச் சொல்கிறார்கள் (3 பேர் முடியும் என்பதிலிருந்து முடியாது, 2 பேர் மறுதலை). ஒப்புமை 50க்கு 45, அதாவது 90%. ஆனால் ஏறக்குறைய எல்லோரும் ‘முடியும்’ என்னும் கேள்வியில், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் 87% ஒத்துப்போகும். தற்செயலைக் கழித்துக் கணக்கிடும் கப்பா எண் இங்கே 0.23 மட்டுமே, அதாவது மிகத் தாழ்ந்த ஒப்புமை. 1999ஆம் ஆண்டுச் சோதனையிலும் கப்பாவே பயன்பட்டது.

ஏற்புடைமைக்கு இரண்டு சோதனைகள் முதன்மையானவை. ஒன்று, எக்ஸ்ரேயில் முள்ளெலும்பு முறிவு உறுதியானவர்களின் மதிப்பெண், அதே வயதில் முறிவில்லாதவர்களின் மதிப்பெண்ணைவிட மோசமாக இருக்கிறதா என்பது. மற்றது, ஏற்கெனவே தமிழில் உள்ள பொதுவான வாழ்க்கைத்தரப் படிவத்தோடு ஒத்துப்போகிறதா என்பது. எஸ்எஃப்-36 போன்றவற்றில் 100 சிறந்த நிலை என்பதால் ஒட்டுறவு எதிர்க்குறியில் வரும், அதுவே சரி. மேலும், 15 சதவீதத்துக்கு மேற்பட்டோர் மிகக் குறைந்த அல்லது மிக உயர்ந்த மதிப்பெண்ணிலேயே குவிந்தால், அவர்களிடையே உள்ள வேறுபாட்டைப் படிவத்தால் பிரித்தறிய முடியாது. ஆள் எண்ணிக்கைக்குக் கேள்வி ஒன்றுக்கு ஐந்து பேராவது என்ற பழைய வாய்பாட்டைப் பின்பற்றினால் 41க்கு 205 பேர் வேண்டும். டெக்ஸா கருவி பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே இருக்கும் சூழலில், இத்தனை பெண்களைக் கிராமங்களிலிருந்து அழைத்து வருவதுதான் வேலையின் பெரும்பகுதி.

தமிழில் முன்னோடிகள்

இத்துறையில் தமிழ் வெறுங்கையோடு நிற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 1990களில் தன் வாழ்க்கைத்தரப் படிவத்தை உருவாக்கியபோது, ஒரு நாட்டில் எழுதி மற்ற நாடுகளில் மொழிபெயர்க்கும் முறையைக் கைவிட்டு, உலகெங்கும் 15 மையங்களில் ஒரே நேரத்தில் பணியைத் தொடங்கியது. அவற்றுள் ஒன்று சென்னை. 100 கேள்விகள் கொண்ட அப்படிவமும், அதன் சுருக்கமான 26 கேள்வி வடிவமும் இன்று உலகெங்கும் பயன்படுகின்றன. அடையாறு புற்றுநோய் நிறுவனம் வேறு வழியில் சென்றது. மேலைநாட்டுப் படிவத்தை மொழிபெயர்க்காமல், இந்திய நோயாளிகளுக்கென்றே ஒரு வாழ்க்கைத்தரப் படிவத்தை உருவாக்கிச் சோதித்து 2005இல் வெளியிட்டது. ஈக்யூ-5டி என்னும் ஐந்து கேள்விப் படிவத்துக்கும் தமிழ் வடிவம் உண்டு. எலும்புப்புரைப் படிவத்தின் தமிழ் வடிவத்தை ஒப்பிட்டுப் பார்க்க இவை கைகொடுக்கும்.

மதிப்பெண்ணின் பயன்

டி-ஸ்கோர் எலும்பைப் பற்றிச் சொல்லும், எலும்புக்கு உரியவரைப் பற்றிச் சொல்லாது. மருந்தால் அடர்த்தி சில சதவீதம் கூடியது என்ற செய்தியைவிட, மீண்டும் கிணற்றடிக்குப் போக முடிகிறதா என்பதே நோயாளிக்கு வேண்டிய செய்தி. உடற்பயிற்சி, இயன்முறை சிகிச்சை போன்றவற்றின் பலன் எலும்பின் அடர்த்தியில் அதிகம் தெரியாது, இத்தகைய படிவத்தில்தான் தெரியும். படிவம் தவறாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தால், பலன் இருந்தும் ‘பலனில்லை’ என்று முடிவாகும். அத்தகைய முடிவை நம்பி ஒரு சிகிச்சை கைவிடப்பட்டால், அதை இழப்பவர்கள் தம் விடை எங்கே தவறாகக் குறிக்கப்பட்டது என்று அறியவே மாட்டார்கள்.

41 கேள்விகளையும் கேட்டு முடிக்கும்போது வயதானவர் களைத்துப்போவார் என்பதால், மருந்துச் சோதனைகளுக்கென 31 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவம் ஒன்று 2006இல் வெளிவந்தது. எந்த வடிவமானாலும், செங்கல்பட்டு வட்டாரப் பெண்களிடம் சரிபார்த்த தமிழ்ப் படிவத்தை யாழ்ப்பாணத்துக்கு எடுத்துச் செல்வதற்கு முன், ‘நாற்காலி’ இருந்த இடத்தில் ‘கதிரை’யும் ‘இடுப்பு’ இருந்த இடத்தில் ‘நாரி’யும் இட்டு, அங்குள்ள சில பெண்களிடம் மீண்டும் ஒரு முறை படித்துக் காட்டிக் கேட்க வேண்டியிருக்கும்.